நகருக்குள் ஓர் அருவி: மின்னிஹாஹாவும் மிசிசிப்பிக்கு இறங்கும் பள்ளத்தாக்கும்

சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் வளாகத்தில் விழும் மழைச்சுழல் அருவியின் உயரம் 40 மீட்டர். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இருக்கும் மின்னிஹாஹா அருவி 16 மீட்டர்தான். ஜுவலில் எந்த நாள் போனாலும் தண்ணீர் விழும். மின்னிஹாஹாவில் அந்த உறுதி இல்லை. மே மாதத்தில் இரைச்சலோடு கொட்டும் அதே இடத்தில், வறண்ட ஆண்டின் செப்டம்பரில் ஈரப் பாறை மட்டும் இருக்கலாம். சனவரியில் அது ஒரு பனிச்சுவர்.

படிப்புக்காகவோ வேலைக்காகவோ மினசோட்டா மாநிலத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோர், அங்கே விமானம் மாறும் பயணிகள், புகைப்பட ஆர்வலர்கள் ஆகியோருக்கு இந்த அருவி எளிதில் எட்டும் இடம். ஆனால் பலர் மேலே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அருவிக்குக் கீழே ஓடை மிசிசிப்பி ஆற்றைச் சேரும் வரையுள்ள பள்ளத்தாக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். அதையும் நடந்து பார்த்தால்தான் இந்த அருவி ஏன் இங்கே இருக்கிறது என்பது புரியும்.

செல்லும் வழி

மினியாபொலிஸ்-செயின்ட் பால் விமான நிலையத்தின் முதலாம் முனையத்திலிருந்து நகர மையத்தை நோக்கிச் செல்லும் நீலத் தட இலகு ரயிலில் ஏறவேண்டும். ஃபோர்ட் ஸ்னெல்லிங், விஏ மருத்துவ நிலையம் ஆகிய நிறுத்தங்களுக்கு அடுத்தது '50ஆம் தெரு / மின்னிஹாஹா பூங்கா'. பயணம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் அருவி. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காரில் வந்தால் நிறுத்துவதற்குக் கட்டணம் உண்டு.

அமெரிக்க விசா கையில் இருந்து, இரு விமானங்களுக்கு இடையே ஐந்து மணி நேரமாவது இருந்தால் தாராளமாகப் போய் வரலாம். பெரிய பெட்டிகளை மட்டும் இழுத்துக்கொண்டு போகவேண்டாம், கீழே இறங்க நீண்ட கல் படிக்கட்டு இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கத் தேவையில்லை. மேலே உள்ள கல்சுவரை ஒட்டிய பார்வையிடங்களிலிருந்தே அருவி நன்றாகத் தெரியும். தாத்தா பாட்டியை அங்கே இருக்கையில் அமரவைத்துவிட்டு மற்றவர்கள் இறங்கி ஏறலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மின்னிஹாஹா ஓடை, நகரத்துக்கு மேற்கே உள்ள மின்னிடோங்கா ஏரியில் தொடங்குகிறது. ஏரியின் கிரேஸ் பே என்ற பகுதியில் 1979இல் கட்டப்பட்ட ஓர் அணை இருக்கிறது. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர், பெரும்பாலும் வீடுகளும் சாலைகளும் சூழ்ந்த பகுதிகள் வழியாக ஓடி வந்துதான் ஓடை அருவியாக விழுகிறது.

ஏரியின் நீர்மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அணையின் மதகு மூடப்படும். அதன்பிறகு ஓடைக்குக் கிடைப்பது வழியில் பெய்யும் மழையும் நிலத்தடியிலிருந்து கசியும் நீரும்தான். அதனால் கோடையின் பிற்பகுதியில் அருவி நூலாக மெலிவது புதிதல்ல; கடும் வறட்சியில் முற்றிலும் நின்றுவிடுவதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறும் இருக்கிறது. 1964 ஜூனில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் அருவியைப் பார்க்க வந்தார். அப்போது வறட்சி. அதிபர் வரும்போது அருவியில் தண்ணீர் இல்லாமல் போனால் நகரத்தின் மானம் என்னாவது? மேல்பகுதியில் இருந்த தீயணைப்புக் குழாய்களைத் திறந்து ஓடைக்குள் தண்ணீர் விட்டார்கள். அதிபர் பார்த்து மகிழ்ந்த அருவி, நகரத்தின் குழாய்த் தண்ணீர். பத்திரிகைகளுக்குப் படமும் கிடைத்தது. நமக்காக யாரும் குழாயைத் திறக்கப்போவதில்லை. எனவே புறப்படுவதற்கு முன் மின்னிஹாஹா ஓடை நீர்ப்பிடிப்பு வட்டாரத்தின் இணையத்தளத்தைப் பார்ப்பது நல்லது. அணையிலிருந்து எவ்வளவு நீர் திறந்துவிடப்படுகிறது என்ற தகவலை அவர்கள் வெளியிடுகிறார்கள்.

பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களிலும் ஜூன் மழையிலும் நீர் அதிகம். அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும். ஆனால் அப்போது நீர் இருக்குமா என்பது அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. நீர், இலை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மே மாதத்தையே சொல்வேன்.

ஒரு புகைப்படம் தந்த புகழ்

இவ்வளவு சிறிய அருவி உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் ஒரு கவிதை. அந்தக் கவிதைக்குப் பின்னால் ஒரு புகைப்படம் இருந்தது. 1850களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ஹெஸ்லர் என்ற புகைப்படக்காரர் இங்கு வந்து, வெள்ளி பூசிய தகட்டில் பதிவாகும் டாகுரியோடைப் முறையில் அருவியைப் படமெடுத்தார். அந்தப் படம் கிழக்குக் கரையில் வாழ்ந்த கவிஞர் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1855இல் அவர் வெளியிட்ட 'ஹயவாதாவின் பாடல்' என்ற நெடுங்கவிதையின் நாயகிக்கு மின்னிஹாஹா என்று பெயர். லாங்ஃபெல்லோ இந்த அருவியை வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை.

கவிதை அந்தப் பெயருக்குச் 'சிரிக்கும் நீர்' என்று பொருள் சொன்னது. 'ஹாஹா' என்று காதில் விழுவதால் அது பொருத்தமாகவும் பட்டது. ஆனால் பெயர் டகோட்டா மக்களின் மொழியைச் சேர்ந்தது. அதில் 'ம்னி' என்றால் நீர். பின்பகுதி தொண்டையிலிருந்து வரும் கரகரப்பான ஒலி. அது நீர் சுருண்டு விழுவதைக் குறிக்கிறது. மொத்தத்தில் 'அருவி' என்பதுதான் பொருள். மினசோட்டா, மின்னிடோங்கா, மினியாபொலிஸ் என்ற பெயர்களின் முதலில் இருப்பதும் அதே நீர்தான். மினியாபொலிஸ் என்பது டகோட்டா மொழியின் நீரையும் கிரேக்க மொழியின் நகரத்தையும் ஒட்டி உருவாக்கிய பெயர்.

கவிதையின் நாயகனுக்கு வைத்த ஹயவாதா என்ற பெயரோ, தொலைவில் கிழக்கே வாழ்ந்த ஹோடினோஷோனி மக்களின் வரலாற்றுத் தலைவருடையது. கதையின் களம் ஒஜிப்வே மக்கள் வாழ்ந்த சுப்பீரியர் ஏரிக்கரை. மூன்று வெவ்வேறு மக்களின் பெயர்களும் கதைகளும் ஒரே பாட்டில் கலந்துவிட்டன.

கவிதை வெளிவந்து ஏழே ஆண்டுகளில், 1862இல், டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் மூண்டது. அந்தக் குளிர்காலத்தில் சுமார் 1,600 டகோட்டா மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஃபோர்ட் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரைச் சமவெளியில் அடைத்துவைக்கப்பட்டார்கள். நோயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1863இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சட்டப்படி டகோட்டா மக்கள் மினசோட்டாவிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். அருவிக்குப் போகும் ரயில் விமான நிலையத்தை விட்டதும் முதலில் நிற்பது அந்தக் கோட்டையின் பெயரைத் தாங்கிய நிலையத்தில்தான்.

அருவிக்கு மேலே ஓடையில், மின்னிஹாஹாவைக் கையில் ஏந்தி நிற்கும் ஹயவாதாவின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஜேக்கப் ஃபியெல்ட் வடித்தது; 1912இல் வைக்கப்பட்டது. சுற்றுப்பயணிகள் கூட்டம் எப்போதும் அதைச் சுற்றி இருக்கும். அருகிலேயே டகோட்டா தலைவர் 'லிட்டில் க்ரோ'வை நினைவுகூரும் முகமூடிச் சிற்பமும் உண்டு. அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. கற்பனை மனிதர்களின் சிலையைப் படமெடுத்தவர்கள், வாழ்ந்து இறந்த மனிதரின் நினைவுச் சின்னத்துக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

பாறைச் சுவரில் படிக்கவேண்டியது

படிக்கட்டில் இறங்கும்போது பக்கச் சுவரைக் கவனியுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக இருப்பது பிளாட்வில் சுண்ணாம்புப் பாறை, கடினமானது. அதற்குக் கீழே மெல்லிய களிப்பாறை. அதற்கும் கீழே வெளிர் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் தெரிவது செயின்ட் பீட்டர் மணற்பாறை. இவை சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரவியிருந்த கடலில் படிந்தவை.

மணற்பாறை என்று பெயர்தானே தவிர, விரலால் தேய்த்தாலே உதிரும். ஆற்றின் எதிர்க்கரையில் செயின்ட் பால் நகரில் இருந்த ஃபோர்ட் கார் தொழிற்சாலை, தன் காலடியில் இருந்த இதே மணலைத் தோண்டியெடுத்துக் காருக்கான கண்ணாடி செய்தது என்றால் அதன் தூய்மையும் மென்மையும் புரியும்.

மேலே கடினம், கீழே மென்மை: அருவி உருவாக இதுவே போதும். தெறிக்கும் நீரும் உறைந்து உருகும் பனியும் அடியிலுள்ள மென்பாறையை அரிக்கின்றன. மேலேயுள்ள சுண்ணாம்புப் பாறை பிடிமானமில்லாமல் கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் அது உடைந்து விழும். அருவி ஓர் அடி பின்னால் நகரும். இப்படி நகர்ந்து நகர்ந்துதான் பள்ளத்தாக்கு நீள்கிறது.

கதையின் பெரிய பகுதி மிசிசிப்பி ஆற்றில் நடந்தது. பனியுகத்தின் முடிவில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய செயின்ட் பால் நகர மையத்துக்கு அருகே பேரருவி ஒன்று இருந்தது. அது ஆற்றின் எதிர்த் திசையில் பின்வாங்கிக்கொண்டே வந்தது. மினசோட்டா ஆறும் மிசிசிப்பியும் கூடும் இடத்தைத் தாண்டியதும், மிசிசிப்பியில் ஏறிய கிளை தொடர்ந்து பின்வாங்கி இன்றைய மினியாபொலிஸ் நகர மையத்தை எட்டியது. அதுதான் செயின்ட் அந்தோணி அருவி. அது கடந்துவந்த பாதையே மிசிசிப்பியின் ஆழமான பள்ளத்தாக்கு. நாட்டின் நடுவே அத்தனை தூரம் ஓடும் அந்த ஆற்றுக்கு இப்படிப்பட்ட செங்குத்துப் பள்ளத்தாக்கு இருப்பது இந்த ஓரிடத்தில்தான்.

பேரருவி இந்த ஓடை சேரும் இடத்தைக் கடந்தபோது, பெரிய ஆற்றின் படுகை சட்டெனத் தாழ்ந்துபோனது. அதுவரை சமமாக வந்து கலந்த சிற்றோடை திடீரென்று உயரத்திலிருந்து குதிக்கவேண்டியதாயிற்று. மின்னிஹாஹா அருவி பிறந்த கதை இதுதான். ஓடையில் நீர் குறைவு என்பதால் அது அதிகம் பின்வாங்கவில்லை. தாய் அருவி பல கிலோமீட்டர் போய்விட்டது.

செயின்ட் அந்தோணி அருவி இன்று நகர்வதில்லை. 1869இல் அதன் அடியில் தோண்டிய சுரங்கம் ஒன்று இடிந்து, அருவியே கரைந்துபோகும் நிலை வந்தது. மாவு ஆலைகளுக்கு அருவியின் விசை தேவை. எனவே அடியில் சுவர் எழுப்பி, மேலே தளம் போட்டுக் காப்பாற்றினார்கள். இன்று அது கான்கிரீட் சரிவில் வழுக்கி இறங்கும் நீர். நேரம் இருந்தால் அதே நீலத் தட ரயிலில் நகர மையம் போய் அதையும் பாருங்கள்.

கீழே, ஆற்றை நோக்கி

அருவிக்குச் சற்றுக் கீழே ஓடையைக் கடக்கும் நடைபாலம் ஒன்று உண்டு. பலரும் பார்த்திருக்கும் அஞ்சலட்டைக் காட்சி அங்கிருந்து எடுத்ததுதான். பாலத்தைத் தாண்டி ஓடையோடு நடந்தால் கூட்டம் மறைந்துவிடும். இரு பக்கமும் மரங்களும் பாறைச் சுவரும். ஓடையைக் கரைகட்டும் கற்சுவர்களும் பாலங்களும் 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தில் கட்டப்பட்டவை. 2014 ஜூன் வெள்ளத்தில் கரைகள் பல இடங்களில் அரிக்கப்பட்டன. பெருமழைக்குப் பிறகு கீழ்ப்பாதை மூடப்பட்டிருந்தால் அறிவிப்பை மதிக்கவேண்டும்.

பாதை முடியும் இடத்தில் மிசிசிப்பி. சற்று மேற்புறம் ஃபோர்ட் அணை தெரியும். ஓடை அமைதியாகப் பெரிய ஆற்றில் கலக்கும் அந்த மணற்கரை எனக்கு அருவியைவிடப் பிடித்த இடம். பெரிய ஆரவாரம் எதுவும் இல்லாததால்தானோ என்னவோ!

ஓடை தெளிவாகத் தெரிந்தாலும் நகரத்து மழைநீர் வடிகால்கள் அதில் கலக்கின்றன. குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கக் கொட்டும் உப்பும் இதில்தான் வந்து சேர்கிறது. குழந்தைகள் காலை நனைத்தால் பிறகு கழுவிவிடுங்கள், வாயில் படக்கூடாது. பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகவேண்டாம். மும்மூன்று இலைகளாக இருக்கும் 'பாய்சன் ஐவி' செடி தோலில் பட்டால் பல நாள் அரிக்கும்.

படமெடுப்போருக்கு

பள்ளத்தாக்கு ஆழமானது. நண்பகல் வெயிலில் வெண்ணிற நீர் ஒரேயடியாக வெளுத்துப்போகும், பாறைக் குடைவு கரியாக இருக்கும். மேகமூட்டமான நாளே சிறந்தது. வெயில் நாளானால் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டமும் இருக்காது.

நீர் பட்டுப்போல வழியவேண்டுமென்றால் திரை திறந்திருக்கும் நேரம் கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை இருக்கவேண்டும், முக்காலி அவசியம். நீர் அதிகம் கொட்டும் மே மாதத்தில் கால் விநாடிக்கு மேல் போனால் அருவி வெறும் வெள்ளைத் துணியாகிவிடும். மெல்லிய நீரோட்டத்தில் ஒரு விநாடி வரை போகலாம். வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டி கைகொடுக்கும். துருவ வடிகட்டி ஈரப் பாறையின் மினுமினுப்பை நீக்கி அதன் உண்மை நிறத்தைக் காட்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் அதை வாங்குங்கள். ஐஃபோன் வைத்திருப்போர் 'லைவ்' முறையில் எடுத்துப் பிறகு 'லாங் எக்ஸ்போஷர்' என்று மாற்றினால் போதும், கையை மட்டும் ஆட்டக்கூடாது. சாரல் கண்ணாடியில் படும். உலர்ந்த துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அருவியை மட்டும் நிரப்பி எடுத்தால் அது எந்த ஊர் அருவியாகவும் இருக்கலாம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக் கூரையும் அடியில் குடைந்த மணற்பாறையும் சேர்ந்து வந்தால் அது மின்னிஹாஹா. ஓர் ஆளும் படத்தில் இருந்தால்தான் உயரம் விளங்கும்.

பக்கத்திலேயே விமான நிலையம் இருப்பதால் வான்வெளி கட்டுப்பாட்டுக்குட்பட்டது. அனுமதியின்றி டிரோன் பறக்கவிடவேண்டாம். திருமணப் படம் போன்ற கட்டணப் படப்பிடிப்புக்குப் பூங்கா வாரியத்தின் அனுமதி தேவை.

பனிக்காலம்

இரவில் வெப்பநிலை கழித்தல் பத்து டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். அருவி மேலிருந்து கீழ்வரை உறைந்து, நீலமும் மஞ்சளும் கலந்த திரையாகத் தொங்கும். பாறைக் குடைவுக்கும் பனித்திரைக்கும் இடையே ஒரு குகை உண்டாகும். அதற்குள் நின்று எடுத்த படங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் சமூக ஊடகங்களில் வலம் வருகின்றன.

அந்தப் படங்களைப் பார்த்து ஏமாறவேண்டாம். கீழே இறங்கும் படிக்கட்டு குளிர்காலத்தில் மூடப்படுகிறது; அருவிக்குப் பின்னால் போவதற்குத் தடை இருக்கிறது. அப்படங்களில் பெரும்பாலானவை வேலியைத் தாண்டியவர்கள் எடுத்தவை. தலைக்கு மேலே தொங்கும் பனித்தூண் எப்போது முறியும் என்று யாரும் சொல்லமுடியாது, அதற்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை எப்போது விழும் என்பதும் அப்படியே. காலடியோ கண்ணாடிபோல வழுக்கும் பனி. வெப்பமண்டலத்திலிருந்து போகும் நமக்குப் பனியில் நடந்த பழக்கமும் இல்லை. மேலிருந்தே உறைந்த அருவி முழுதாகத் தெரியும். அங்கேகூடக் காலணியில் மாட்டும் முட்பட்டை இருந்தால் நல்லது.

பனியைப் படமெடுக்கும்போது கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒளி அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். குளிரில் மின்கலம் விரைவில் தீரும். உபரி மின்கலத்தைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள். கைப்பேசியும் அப்படித்தான். படமெடுத்து முடித்ததும், சூடான ரயிலுக்குள் ஏறுவதற்கு முன்பே கேமராவைப் பையில் போட்டு நன்றாக மூடிவிடுங்கள். விடுதி அறைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கண்ணாடிக்குள் நீர் படியாது.